செப்பேட்டைப் படித்தவர்கள்

1888ஆம் ஆண்டில் பிறந்த இரு அறிஞர்களின் வாழ்வில் திருப்பதிக்கு இடமுண்டு. ஒருவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, திருப்பதியின் லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்று, குடியரசுத் தலைவர் வரை உயர்ந்தவர். மற்றவர் வேட்டூரி பிரபாகர சாஸ்திரி. முன்னவரின் பிறந்தநாளை நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. பின்னவரின் பெயர் தெலுங்கு இலக்கிய வட்டத்துக்கு வெளியே, குறிப்பாகத் தமிழ் ஆய்வாளரிடையே, பெரும்பாலும் அறியப்படாதது. சாதனையாளர் பட்டியல்கள் பதவியையும் விருதையும் அளவுகோலாகக் கொள்வதால் இந்த வேறுபாடு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் திருமலைச் செப்பேடுகளின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அந்த அளவுகோல் போதாது.

தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடிய சங்கீர்த்தனங்கள் 32,000 என்பது மரபு. 16ஆம் நூற்றாண்டில் அவருடைய மகன் பெரிய திருமலாச்சாரியாரின் காலத்தில் அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலுக்குள் ஒரு சிற்றறையில் வைக்கப்பட்டன. பின்னர் அந்த ஏடுகளைப் படிப்பாரும் பாடுவாரும் இல்லாமல் போயினர்.

ஏடுகள் அங்கிருப்பது யாருக்குமே தெரியாது என்று பொதுவாகச் சொல்லப்படும் கதை முழு உண்மையன்று. சென்னை மாகாண அதிகாரி ஏ. டி. காம்பெல் தம் தெலுங்கு இலக்கணத்துக்குச் சான்று தேடியபோது இந்தச் செப்பேடுகளைக் கேள்வியுற்று, அவற்றைப் பார்த்துவர ஆளனுப்பினார். தெய்வத் துதிகளே மலிந்திருந்த அத்தொகுதியில் இலக்கண நூல் ஒன்று மட்டுமே அவருக்குப் பயன்பட்டது. மற்றவை வைத்த இடத்திலேயே கிடந்தன. அவருடைய இலக்கணம் 1816இல் வெளிவந்தது. அதன் முன்னுரைக்கு எல்லிஸ் எழுதிச் சேர்த்த குறிப்புதான், தென்னிந்திய மொழிகள் தனியொரு குடும்பம் என்பதைக் கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே நிறுவியது. மொழியியல் மாணவர்கள் எல்லிஸுக்காக அந்த நூலை நினைவில் வைத்திருப்பது நியாயமே. ஆனால் திராவிட மொழியாய்வின் பிறப்புச் சான்றிதழ் போன்ற அதே நூலில், ஒரு திராவிட மொழியின் மிகப் பெரிய பாடற்களஞ்சியம் 'வெறும் துதி' என்று ஒதுக்கப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. காம்பெல்லிடம் குற்றமில்லை. அவர் தேடியது இலக்கணம். தேடாத ஒன்று கைக்கு எட்டும்போது அதை அடையாளம் காண்பது வேறு வகையான திறன்.

அத்திறன் 20ஆம் நூற்றாண்டில்தான் அங்கு வந்து சேர்ந்தது. தேவஸ்தானக் கல்வெட்டாய்வாளர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி 1930இல் திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு முதல் தொகுதி வந்தது. பல்லவர் குலத்துச் சாமவையின் வெள்ளிப் படிமக் கொடை தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. விஜயநகர ஆட்சியிலும் அந்நிலை தொடர்ந்தது. சித்தூர் மாவட்டம் யாருக்கு என்று இரு மொழியினரும் பின்னாளில் வழக்காடியபோது இச்சான்றுகள் வாதப் பொருளாயின. கல்லில் தமிழும் செம்பில் தெலுங்குமாக ஒரே கோயில் இரண்டையும் காத்தது என்பதை அந்த வழக்காடலில் நினைவுகூர்ந்தவர் சிலரே.

செப்பேடுகளின் பணியில் முதன்மையானவர் வேட்டூரி. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நெடுங்காலம் உழைத்தவர். புலவர் உலகம் இலக்கியமாக மதிக்கத் தயங்கிய தனிப்பாடல்களைத் தேடித் தொகுத்து 'சாடுபத்யமணிமஞ்சரி' என்று பதிப்பித்தவர். உதிரியாகக் கிடப்பதை மதிக்கும் அந்தப் பழக்கம் திருப்பதியில் அவருக்குக் கைகொடுத்தது. அன்னமாச்சாரியாரின் தெலுங்கில் பேச்சு வழக்கு தாராளமாகப் புழங்கும். இலக்கணப்படி அது பிழையெனத் தோன்றக்கூடும். திருத்திவிடும் ஆசை எந்தப் பதிப்பாசிரியருக்கும் எழும். கண்ட வடிவத்தைக் கண்டபடி எழுதிவைப்பதற்கு அடக்கம் வேண்டும். ஓலையில் உ.வே. சாமிநாதையர் பட்ட பாட்டை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. கவிஞரின் பேரர் சின்னண்ணா இயற்றிய 'அன்னமாச்சார்ய சரித்திரமு' வேட்டூரியின் நீண்ட முன்னுரையுடன் 1949இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

பணியைத் தொடர்ந்தவர் ராளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா. மைசூர் மகாராஜா கல்லூரியில் தெலுங்கு கற்பித்தவர், இசையும் அறிந்தவர். ஏடுகளில் இராகப் பெயர் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. பாடும் மரபும் அறுந்துவிட்டது. ஆகவே அவர் பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்துச் சுரப்படுத்தினார். அதைப் பழைய மெட்டின் மீட்பு என்று கருதுவது தவறு. 15ஆம் நூற்றாண்டுச் சொல்லுக்கு 20ஆம் நூற்றாண்டுக் காது தந்த இசை அது. அவ்வழியில் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டமைத்தார்.

இதன் பின்னர்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி வருகிறார். தேவஸ்தானத்துக்காக அவர் பாடிய 'பாலாஜி பஞ்சரத்னமாலை' இசைத்தட்டுகள், அதுவரை ஆந்திரப் பகுதியில் ஒலித்த அன்னமாச்சாரியாரைத் தமிழ் வீடுகளுக்கும் கொண்டுசேர்த்தன. இன்று திருப்பதி நகரில் அவருக்குச் சிலை உண்டு. வேட்டூரிக்கும் உண்டு. தம்புராவுடன் அமர்ந்திருப்பவரை வெளியூர் யாத்திரிகர் உடனே அறிவர். மற்றவர் யாரென்று கேட்டறிய வேண்டியிருக்கிறது. 32,000 என்னும் மரபுக் கணக்கில் கிடைத்தவை சுமார் 12,000. அவற்றிலும் மெட்டுக்குக் காத்திருப்பவை இன்னும் ஏராளம்.