ஒரே மடத்து உடன்பிறந்தோர்

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு, பிரான்சு நாட்டின் லிசியே நகரிலுள்ள கார்மேல் மடத்தில் குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் முதன்முதலாக இரத்தம் கக்கினார். மறு ஆண்டு செப்டம்பர் 30-இல், தமது 24-ஆம் வயதில், காசநோயால் மரித்தார். அவரோடு உடன்பிறந்த சகோதரியர் மூவர் அதே மடத்தில் வாழ்ந்ததை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. மரி 1940 வரையிலும், பவுலின் 1951 வரையிலும், செலின் 1959 வரையிலும் வாழ்ந்து, முதிர்ந்த வயதில் மறைந்தனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கூரை, ஒரே உணவு. நோய் ஒருவரை மட்டும் வீழ்த்தியதேன்?

இறைத் திருவுளம் என்று சொல்லி அமைந்தோர் பலர். குடும்பச் சாபம் என்று பேசியோரும் உண்டு. அவ்வாறு பேசித் திருமணங்களைத் தடுத்ததும் நம்மிடையே நடந்ததுதான்.

நோய்க் கிருமியை இராபர்ட் கோக் 1882-இல் பெர்லினில் அறிவித்தார். 1890-இல் டியூபர்குலின் என்னும் மருந்தையும் அறிவித்தார்; அது நோயைத் தீர்க்கவில்லை. கைவிடப்பட்ட அந்த மருந்தைக் கையிலெடுத்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபோன் பிர்க்கே. இன்ஸ்புருக்கில் இறையியலும் லூவேனில் மெய்யியலும் பயின்ற பின்னரே மருத்துவத்துக்கு வந்தவர் அவர். 1907-இல் அவர் குழந்தைகளின் தோலைச் சிறிதே கீறி அதைத் தடவினார். நலமாய் ஓடியாடிய பிள்ளைகள் பலருடைய கையும் சிவந்தது! கிருமி உள்ளே இருக்கிறது, நோயோ இல்லை. மறைந்துறையும் காசநோய் என்னும் கருத்து இவ்வாறு பிறந்தது.

கிருமி புகுந்தோரில் வாழ்நாளில் நோயுறுவோர் 100-க்கு 5 முதல் 10 பேரே. அவர்கள் யார் என்பதைத் தோல் சோதனை சொல்லாது. ஆகவே தடுப்பு மருந்தை எல்லாருக்கும் கொடுத்தால், தேவையற்ற பலர் மாதக்கணக்கில் அதை உட்கொள்ள வேண்டும்.

இரத்தம் சொல்லுமா? தென்னாப்பிரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் இரத்தத்தைச் சேமித்து, ஈராண்டுகள் அவர்களைக் கண்காணித்தனர். பின்னர் நோயுற்றோரின் பழைய இரத்தத்தை, நலமாயிருந்தோரின் இரத்தத்தோடு ஒப்பிட்டனர். 2016-இல் 16 மரபணுக்களின் செயற்பாட்டிலும், 2019-இல் ஐந்து புரதங்களின் அளவிலும் முன்னறிகுறி தென்பட்டது. நோய் வெளிப்படும் நாள் நெருங்க நெருங்கத்தான் குறி தெளிவாயிற்று.

மரபணுக் குறி காணப்பட்டோருக்குத் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021-இல் வெளியாயிற்று. குறியுடையோர் மற்றவரைவிட மிகுதியாக நோயுற்றது உண்மையே. மருந்து அதைக் குறைக்கவில்லை. குறி தோன்றும்போதே அவர்களுள் சிலரிடம் நோய் விழித்துவிட்டிருந்தது போலும் என்று கருதுகிறோம்.