மருத்துவமனைப் பணி மதிப்பீட்டில் பாரபட்சமும் பிழையும்: செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து

பணி மதிப்பீட்டில் நேரும் பிழையையும் வேண்டுமென்றே காட்டும் பாரபட்சத்தையும் உளவியல் நூல்கள் பிரித்தே பேசுகின்றன. ஒரு குணத்தைக் கண்டு மற்றவற்றுக்கும் அதே மதிப்பைத் தந்துவிடும் ‘ஒளிவட்ட விளைவை’ எட்வர்ட் தார்ண்டைக் 1920இல் ராணுவ அதிகாரிகளைப் பற்றிய மதிப்பீடுகளில் எடுத்துக்காட்டினார். எல்லோருக்கும் நடுத்தர மதிப்பெண் போடுவது, கடைசியாக நடந்ததை மட்டும் நினைவில் வைப்பது ஆகியவையும் இவ்வகைப் பிழைகளே. மதிப்பெண் வாங்கும் ஊழியருக்கோ இவை எல்லாம் ‘வேண்டியவர், வேண்டாதவர்’ கணக்குதான்.

இந்த எண்ணத்தை வெறும் மனக்குறை என்று தள்ளிவிட முடியாது. மருத்துவமனையில் மதிப்பிடுபவர் பெரும்பாலும் வேலையை நேரில் பார்ப்பதில்லை. நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பகலில் வருகிறார், ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அடிபட்டவர்களை ஆம்புலன்ஸ் நள்ளிரவில் கொண்டுவருகிறது. நைட் டியூட்டியில் அவர்களை ஏற்றுக்கொள்ளும் செவிலியரின் நிதானம் எந்தப் படிவத்திலும் ஏறுவதில்லை. ஆனால் கேஸ் ஷீட்டில் விடுபட்ட ஒரு கையெழுத்து மறுநாளே படிவத்தில் ஏறிவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காய்ச்சல் வார்டு நிரம்பி வழிந்த நினைவும், மதிப்பீடு எழுதப்படும் மார்ச், ஏப்ரலுக்குள் மங்கிவிடுகிறது. ஐ.சி.யூ.வையும் புறநோயாளர் பிரிவையும் ஒரே படிவத்தால் அளப்பது இன்னொரு கோளாறு. இவற்றில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. பணிமுறையே பிழையை உண்டாக்குகிறது.

அப்படியிருந்தும் ஊழியர் அதைப் பாரபட்சமாகவே காண்பதற்கு முதன்மையான காரணம் மறைப்பு. மதிப்பிடுமுன் ஊழியரின் கருத்தைக் கேட்பதும், முடிவை எதிர்த்துப் பேச வழி இருப்பதும் நியாய உணர்வை வளர்ப்பதாக ஜெரால்ட் கிரீன்பெர்க்கின் 1986ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இந்தியாவில் இவற்றுள் எதிர்த்துப் பேசும் வழியைச் சட்டமாக்கியது தேவ் தத் என்பவரின் வழக்கு. எல்லைச் சாலைப் பொறியாளரான அவருக்கு 1993–94இல் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும். பாராட்டுப் போலத் தோன்றிய சொல்லே அவருக்குப் பாதகமாயிற்று. எந்தக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மத்திய அரசு பழைய மந்தண அறிக்கையைக் கைவிட்டு, மதிப்பீட்டை முழுமையாகக் காட்டவும், 15 நாளுக்குள் முறையிடவும் வழிசெய்தது.

கல்பாக்கம் அணுசக்தித் துறை மருத்துவமனையின் மத்திய அரசு ஊழியர் இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறார். 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாநில நிறுவனங்களின் ஊழியருக்கும் அத்தீர்ப்பின் பயன் உண்டு. ஆனால் கேளம்பாக்கம் முதல் மதுராந்தகம் வரை பெருகியுள்ள தனியார் மருத்துவமனைகளை அது கட்டுப்படுத்தாது. அங்கே அப்ரைசல் இன்கிரிமென்டோடு பிணைந்தது. காரணம் சொல்வதும் சொல்லாததும் நிர்வாகத்தின் விருப்பம்.

வெளிப்படைத்தன்மைக்கும் ஒரு விலை உண்டு. எழுதியதை ஊழியர் படிப்பார் என்று தெரிந்தால், மனக்கசப்பைத் தவிர்க்க மதிப்பிடுபவர் எல்லோருக்கும் உயர்ந்த மதிப்பெண்ணே போடத் தலைப்படுவார். நன்றாக உழைத்தவரின் வேறுபாடு அழிந்துவிடும். எனவே படிவத்தைக் காட்டினால் மட்டும் போதாது. இரவுப் பணியின் ஷிப்ட் பொறுப்பாளரும் மதிப்பெண்ணில் பங்கு பெற வேண்டும். குறிப்புகளை ஆண்டு இறுதிக்கு ஒத்திப்போடாமல் மாதந்தோறும் எழுத வேண்டும். வார்டுக்கு வார்டு அளவுகோல் மாற வேண்டும்.