கோப்பித் தோட்டமும் கண்ணாடித் தகடும்

ஜூலியா மார்கரெட் கேமரூன் என்றாலே புகைப்பட வரலாறு இங்கிலாந்தின் ஒயிட் தீவுக்குப் போய்விடும். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் கேமரா ஒன்றைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. அத்தீவின் ஃபிரெஷ்வாட்டர் ஊரிலிருந்த தன் வீட்டின் கரிக்கிடங்கை இருட்டறையாகவும், கோழிக்கொட்டகையைக் கண்ணாடி வேய்ந்த படக்கூடமாகவும் மாற்றிக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டிய முறை அது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். அப்படித்தான் கவிஞர் டென்னிசனும் வானியலாளர் ஹெர்ஷலும் டார்வினும் அவர் முன் உட்கார்ந்தார்கள். கோடுகள் கூர்மையாக இல்லை, தகட்டில் கீறலும் கறையும் இருக்கின்றன என்று அன்றைய புகைப்படச் சங்கத்தார் குறை சொன்னார்கள். அந்த மென்மைக்காகவே பின்வந்தவர்கள் அவரைக் கலைஞர் என்று கொண்டாடினார்கள். இந்தக் கதையில் இலங்கை கடைசிப் பத்தியில்தான் வரும்: 1875இல் போனார், 1879 ஜனவரியில் அங்கேயே இறந்தார், அவ்வளவுதான். இலங்கையை அவருடைய கலைவாழ்வின் அடித்தளமாகவே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

காரணம், முதலில் பணம். கணவர் சார்ல்ஸ் ஹே கேமரூன், இலங்கை நிர்வாகத்தை ஆராய வந்த கோல்புரூக் – கேமரூன் ஆணைக்குழுவின் இருவரில் ஒருவர். அக்குழுவின் பரிந்துரைப்படி ராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறை ஒழிந்தது. அது நல்ல காரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே சீர்திருத்தம் தனியார் முதலுக்கும் கூலி உழைப்புக்கும் வழி திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களாயின. சட்டம் வகுத்தவரே பின்னர் தோட்ட முதலாளியுமானார். குடும்பப் பணத்தில் பெரும்பகுதி அந்த மண்ணில்தான் முடங்கியது. அங்கே வேலை செய்தவர்கள் மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் ‘கண்டிச்சீமை’க்குப் போனவர்கள். மன்னாரில் இறங்கி, தண்ணீரற்ற காட்டுவழியே மாத்தளைவரை நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அதற்கு முன்பே வருமானம் தள்ளாடிக்கொண்டிருந்த குடும்பம், ஆறு ஆண்டுகளில் ஃபிரெஷ்வாட்டரை விட்டுக் கப்பலேறியது.

விக்டோரியா காலத்துச் செல்வர் யாரை எடுத்தாலும் இப்படியொரு காலனிக் கணக்கு வரும், அதை வைத்து ஒருவரின் கலையை எடைபோடலாமா என்று கேட்கலாம். எடைபோட முடியாது. ஹெர்ஷலின் முகத்தில் விழும் ஒளி, கோப்பி விலையால் கூடுவதோ குறைவதோ இல்லை. ஆனால் கேமரூனின் விஷயம் வருமானக் கணக்கோடு நிற்கவில்லை. அவர் இங்கிலாந்தில் இருந்தவரை அந்தத் தோட்ட உழைப்பாளிகள் அவர் கேமராவுக்கு எட்டாத தொலைவில் இருந்தார்கள். இலங்கைக்கு வந்தபின் உழைக்கும் மக்களே அவர் முன் உட்கார்ந்தார்கள்.

அந்தப் படங்களில் முப்பதுக்கும் குறைவாகவே இன்று எஞ்சியுள்ளன. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் இருக்கிறார்கள். சிறுமிக்குப் பன்னிரண்டு வயது, தான் அவள் தந்தை என்றும் தனக்கு நூறு வயது என்றும் முதியவர் சொல்கிறார் என அதில் குறிப்பு எழுதியிருக்கிறது. வயது உண்டு, உறவு உண்டு, பெயர் மட்டும் இல்லை. 1877இல் விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நார்த்தையும் கேமரூன் படமெடுத்தார். ஒரு மனிதனின் முதுகழகில் மயங்கிய கேமரூன், தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் செய்தார் என்று நார்த் எழுதியிருக்கிறார். அந்த மனிதனின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

இங்கிலாந்திலும் வேலைக்காரிகளைப் பெயர் சொல்லாமல் மாதாவாகவும் புராணப் பெண்ணாகவும்தானே படமெடுத்தார் என்பது இன்னொரு மறுப்பு. இது வலுவானது. ஆனால் மாதாவாக நின்ற மேரி ஹில்லியர் யார் என்று புகைப்பட வரலாறு படிப்பவர்களுக்கு இன்று தெரியும். பிச்சைக்காரியின் மகளாக வந்து அந்த வீட்டில் வளர்ந்த மேரி ரயன், இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்றி காட்டனை மணந்த கதையும் பதிவாகியிருக்கிறது. களுத்துறையில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பதிவும் இல்லை, அந்தப் புராண வேடமும் இல்லை. வேடமில்லாததால் அவை வெறும் இனவரைவியல் படங்கள் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மக்களை மாதிரிகளாக வகைப்படுத்திய அக்காலப் படங்கள் எல்லா விவரமும் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்றே எடுக்கப்பட்டவை. கேமரூனோ முகத்துக்கு நெருங்கிப் போகிறார், ஒளியைத் தேர்கிறார், தனக்கு வேண்டாததை மங்க விடுகிறார். ஹெர்ஷலுக்குச் செய்ததும் இதுவே. எனவே களுத்துறைப் படங்களை நூலின் பின்னிணைப்பிலும் கண்காட்சியின் கடைசி மூலையிலும் வைப்பது தவறு. ஹெர்ஷலும் டார்வினும் தொங்கும் அதே சுவரில், எந்தத் தோட்டப் பணத்தில் அந்தப் படக்கூடம் நடந்தது என்ற குறிப்போடு, அவை தொங்க வேண்டும்.