நடைக்குத் துணை நின்ற சட்டங்கள்

மேச்சேரி போன்ற ஊர்களில் வரப்பேறி நடப்பவர்க்குக் கால் முறிந்தால், மூங்கில் சிம்பு வைத்துக் கட்டுவதே நம் முன்னோர் அறிந்த மருத்துவம். எலும்பு கூடும்வரை காலை அசையாது நிறுத்துவது அக்கட்டின் வேலை. எலும்பு கூடிய பின்னும் கால் வலுவிழந்து நின்றால், நடப்பதற்கு வேறொரு துணை வேண்டும். 'காலிப்பர்' என வழங்கும் இரும்புச் சட்டம் அதற்காகவே பிறந்தது.

அதன் பழைய வடிவங்களில் புகழ்பெற்றது, லிவர்பூல் நகரில் வாழ்ந்த ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) அமைத்தது. இவரும் எலும்பு கட்டும் பரம்பரையில் வந்தவரே. தொடையின் மேற்புறத்தில் ஒரு வளையம். அதிலிருந்து காலின் இருபுறமும் இறங்கும் இரு கம்பிகள். படுத்திருப்பவருக்கான இவ்வமைப்பை முதல் உலகப்போரில் அவருடைய உறவினரும் மாணவருமான ராபர்ட் ஜோன்ஸ் பரவலாக்கினார்; தொடை எலும்பு முறிந்த வீரர் பலர் உயிர் பிழைத்தனர். நடப்பதற்கான வடிவில் கம்பிகளின் நுனி பூட்ஸின் குதிகாலில் செருகப்படும். உடலின் பாரம் வளையத்தின் வழியே கம்பிக்கும், கம்பியின் வழியே நிலத்துக்கும் போய்விடும். காயமுற்ற கால் பாரத்திலிருந்து விடுபடும்.

கருத்து அருமையானது, அணிந்தவர் பட்ட பாடு வேறு. வளையம் சற்றே பொருந்தாவிடினும் இடுப்பின் கீழ்த் தோல் புண்ணாகும். சட்டத்தின் கீல் முழங்காலின் கீலுக்கு நேராக அமையாவிட்டால், உட்காரும்போதெல்லாம் பட்டைகள் மேலும் கீழும் நகர்ந்து தொடையை உராயும். பாரம் பாதத்தருகே மிகுந்தால், ஒவ்வோர் அடியிலும் அதை வீசி எடுக்க இடுப்புக்குக் கூடுதல் உழைப்பு.

இவற்றினும் பெரிய இடர்ப்பாடு நம் நாட்டில் அந்தப் பூட்ஸே. வீட்டு வாசலிலும் ஜினாலய வாசலிலும் காலணியைக் கழற்றுவோர் நாம். காலணியோடு பிணைந்த சட்டத்தை அணிந்தவர் எங்ஙனம் தரிசனத்துக்குச் செல்வது? தரையில் சம்மணமிட்டு எங்ஙனம் உண்பது? குளிர்நாட்டு வாழ்க்கைக்கென அமைந்த கருவியை மாற்றமின்றி நம்மவர்க்கு அளித்ததே பிழை என்பேன்.

செயற்கைக்காலிலும் இதே சிக்கல் இருந்தது. அதை அவிழ்த்தவர்கள் ஜெய்ப்பூரில் இருவர்: எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி (1927–2008), பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மா. சைக்கிள் டயர் பழுதாகி நின்ற இடத்தில் லாரி டயருக்கு ரப்பர் ஒட்டுவதைக் கண்ட சர்மாவுக்கு வழி புலப்பட்டதென்பர். ரப்பர், மரம், டயர் நூல் ஆகியவற்றை அச்சிலிட்டு வேகவைத்து, 1968 அளவில் அவர்கள் உருவாக்கியதே 'ஜெய்ப்பூர் கால்'. வெறுங்காலுடன் நடக்கலாம், குந்தலாம், சம்மணமிடலாம், சேற்றில் இறங்கலாம். சேத்தி 1981-இல் மகசேசே விருது பெற்றார். சர்மாவின் பெயர் அதே அளவுக்குப் பரவாதது வருந்தத்தக்கது.

இனி நம் சமயத்தவர் பெருமைகொள்ளும் பகுதி. 1969-இல் சாலை விபத்தொன்றில் தேவேந்திர ராஜ் மேத்தா என்னும் ஆட்சிப்பணி அலுவலரின் தொடை எலும்பு பல துண்டுகளாக நொறுங்கியது. மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர், கருவி வாங்க வகையற்ற ஏழையரை எண்ணினார். பகவான் மகாவீரரின் 2500-ஆம் நிர்வாண ஆண்டையொட்டி, 1975-இல் அவர் நிறுவிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி, செயற்கைக்கால்களோடு காலிப்பர்களையும் கட்டணமின்றி இலட்சக்கணக்கானோர்க்கு வழங்கியுள்ளது. நால்வகைத் தானங்களுள் இதனை ஔஷத தானத்தில் சேர்ப்பதா, அபய தானத்தில் சேர்ப்பதா எனப் பெரியோர் ஆராயட்டும். முகாமில் எத்தனை காலிப்பர் கொடுத்தோம் என்று கணக்கெழுதும் நாம், ஓராண்டு கழித்து அவற்றுள் எத்தனை காலில் உள்ளன, எத்தனை பரணில் உள்ளன என்றும் எழுதவேண்டும்.

பாரத்தின் சிக்கலுக்கு விடை ஏவுகணை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் ஹைதராபாத்தில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, நிஜாம் மருத்துவக் கழகத்து எலும்பு மருத்துவர் ஒருவர் அங்கு வந்தார். ஏவுகணைக்கான பொருளொன்றைக் கையில் தூக்கிப் பார்த்து, அதன் இலேசைக் கண்டு வியந்து, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர் சிறுமியர் 3 கிலோவுக்கும் மேற்பட்ட இரும்புச் சட்டங்களை இழுத்து நடந்தனர். 3 வாரங்களில் 300 கிராம் எடையுள்ள சட்டங்கள் உருவாயின எனக் கலாம் தம் உரைகளில் சொல்லியிருக்கிறார்.

எடை மட்டுமன்று, அமைப்பும் புதிது. 'தரை எதிர்விசைச் சட்டம்' எனலாம். கணுக்காலைக் குறித்த கோணத்தில் நிறுத்தி, முழங்காலுக்குக் கீழே முன்புறத்தில் ஒரு தகட்டைப் பொருத்துவர். அடி வைத்ததும் தரை தரும் எதிர்விசை அத்தகட்டின் வழியே முழங்காலைப் பின்னோக்கித் தள்ளி மடியாமல் காக்கும். தொடை வளையமும் இல்லை, முழங்கால் பூட்டும் இல்லை. முழங்கால் நிமிராது மடிந்தே இறுகியவர்க்கு இது பொருந்தாது. மருத்துவர் பார்த்தே முடிவுசெய்வர்.

சட்டத்தைக் கழற்றியவுடன் தோலில் சிவந்த தடம் இருக்கிறதா என்று வீட்டார் நோக்கவேண்டும். அரைமணி நேரத்தில் மறையாத தடம், அழுத்தம் தவறான இடத்தில் விழுவதைக் காட்டும். செய்தவரிடம் கொண்டுசென்று திருத்தவேண்டும். வளரும் பிள்ளைகளுக்கோ, கால் நீளுந்தோறும் புதிய அளவெடுத்துச் சட்டத்தை மாற்றவேண்டும்.