நாலு பக்கம் அளந்தால் போதுமா?

இராசபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குச் செல்லும் வழியில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உள்ளன. மலையடிவாரத்து நிலங்களில் பாடநூலில் காணும் செவ்வகம் அரிது; ஓடைக்கும் மேட்டுக்கும் இடம்விட்டு வரப்புகள் கோணலாகவே செல்லும். இத்தகைய தோப்பு ஒன்றை வாங்க வருபவர் வேலியோரம் நான்கு பக்கங்களையும் அளந்துவிட்டால் அதன் பரப்பு தெரிந்துவிடுமா?

தெரியாது! ஒவ்வொரு பக்கமும் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி என்று கொள்வோம். மூலைகள் செங்கோணமானால் நிலம் சதுரம். பரப்பு 10 சென்ட். பக்கங்கள் மாறாமல் ஒரு மூலை 30 பாகையாகச் சாய்ந்துவிட்டால் அது சாய்சதுரம். பரப்பு 5 சென்ட்தான். இரண்டிற்கும் வேலி 264 அடியே. விலையிலோ பாதிக்குப் பாதி வேறுபாடு!

வடிவங்களைப் பக்கத்தால் மட்டுமன்றிக் கோணத்தாலும் பிரித்தறிய வேண்டும் என்பது இதனால்தான். கி.மு. 300-ஐ ஒட்டி வாழ்ந்த யூக்ளிட், பக்கங்கள் சமமாகவும் கோணங்கள் செங்கோணமாகவும் இருப்பதே சதுரம் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே வரையறுத்தார்.

ஆனால் நிலம் அளந்தவர்கள் நெடுங்காலம் கோணத்தைக் கருதவில்லை. எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினால் பரப்பு என்பது அவர்கள் கையாண்ட விதி. எகிப்தில் தாலமி அரசர் காலத்து எட்ஃபு கோவிலின் நிலப்பட்டியலிலும் இவ்விதியே காணப்படுகிறது. இது செவ்வகத்திற்கு மட்டுமே சரியாகும். மற்ற நாற்கரங்களுக்கெல்லாம் உள்ளதைவிட மிகுதியாகவே காட்டும். விற்பவருக்கு இலாபம், வாங்குபவருக்கும் வரி கட்டுபவருக்கும் நட்டம்.

கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் இவ்விதியைத் தோராயமானது என்று கூறி, நுட்பமான வேறொன்றைத் தந்தார். சுற்றளவின் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, வரும் நான்கு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். அரிய விதிதான். எனினும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மீது அமையும் நாற்கரத்திற்கே அது பொருந்தும். நமது சாய்சதுரத்திற்கு இதைப் போட்டுப் பாருங்கள். இதுவும் 10 சென்ட் என்றே சொல்லும்!

சிக்கலை வெளிப்படையாக எடுத்துக் காட்டியவர் இரண்டாம் பாஸ்கரர். கி.பி. 1150-ல் எழுதிய லீலாவதியில், பக்கங்கள் மாறாமலே மூலைவிட்டங்கள் மாறக்கூடும். ஆகவே பரப்பும் மாறும் என்று விளக்கினார். மூலைவிட்டமோ செங்குத்துக் கோடோ தராமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவரைப் பிசாசு என்றே கடிந்துகொண்டார்.

அந்த ஒரு மூலைவிட்டம் என்ன செய்கிறது? நாற்கரத்தை இரு முக்கோணங்களாக்கி விடுகிறது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் தெரிந்தால் கோணங்கள் தாமே உறுதியாகிவிடும். நாற்கரத்தை உறுதிசெய்ய 5 அளவுகள் வேண்டும், ஐங்கோணத்திற்கு 7, ஒவ்வொரு பக்கம் கூடும்போதும் மேலும் 2.

1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவை, முக்கோணங்களின் தொடராகவே வளர்ந்தது. சென்னை மாகாணத்து வயல் அளவையிலும் மூலைவிட்டமும், அதிலிருந்து வரப்பின் வளைவுகளுக்குச் செங்குத்தாக எடுக்கும் ஆப்செட் அளவுகளும் இடம்பெற்றன. புலப்படத்தில் வயலின் குறுக்கே செல்லும் கோடுகள் வெறும் அலங்காரம் அல்ல.

மாணவர்கள் ஒரு சோதனை செய்யலாம். நான்கு மூங்கில் பட்டைகளை முனைகளில் ஆணி அடித்துச் சட்டமாக்குங்கள்; தள்ளினால் சாயும். குறுக்கே ஐந்தாவது பட்டையைப் பொருத்துங்கள், அசையாது. தோப்புக் கதவில் தச்சர் குறுக்குச் சட்டம் அடிப்பதும் இக்காரணத்தால்தான். நிலம் வாங்குவோரும் நாலு பக்கத்தோடு நின்றுவிடாமல், குறுக்கேயும் ஒருமுறை அளப்பது நல்லது.