கைத்துப்பாக்கி உறை

கைத்துப்பாக்கி உறை என்பது கைத்துப்பாக்கியை உடலோடு சேர்த்து எடுத்துச் செல்வதற்காக இடுப்புவாரிலோ தோள்வாரிலோ பொருத்தப்படும் கூடு ஆகும். துப்பாக்கி நழுவி விழாமல் பிடித்து வைத்தல், அதன் விசையை மூடிக் காத்தல், வியர்வையும் தூசியும் படாமல் தடுத்தல், வேண்டும்போது ஒரு கையால் எடுக்க இடங்கொடுத்தல் ஆகியன இதன் பணிகளாகும். இவற்றுள் விசையை மூடிக் காப்பதே முதன்மையானது. ஏனையவற்றில் குறை இருப்பின் துப்பாக்கி கெடும். இதில் குறை இருப்பின் ஆளுக்கே தீங்கு நேரும்.

உறைகள் மரபாகத் தோலால் செய்யப்பட்டன. 1970களில் இருந்து நெகிழி உறைகளும் பரவின. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் உள்ளிட்ட கொங்கு நாட்டுப் பகுதியில் இன்று இருவகையும் பயன்படுகின்றன. இவற்றுள் எதைத் தேர்வது என்பதை விலையும் தோற்றமும் மட்டும் முடிவு செய்வதில்லை. இந்தியச் சட்டம், ஊரின் தட்பவெப்பம், துப்பாக்கியின் வகை ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்ட நிலை

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பதை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. கோயம்புத்தூர் மாநகர எல்லைக்குள் மாநகரக் காவல் ஆணையரும், மாவட்டங்களின் ஏனைய பகுதிகளில் மாவட்ட ஆட்சியரும் உரிமம் வழங்கும் அதிகாரம் உடையவர்கள். 9 மி.மீ., .38 முதலிய அளவுகள் காவல்துறைக்கும் படைகளுக்கும் உரியவை என்பதால், பொதுமக்களிடம் உள்ள கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை .32 அளவைச் சேர்ந்தவை. கான்பூரில் செய்யப்படும் ஆறு தோட்டாச் சுழல் துப்பாக்கியும், மேற்கு வங்கத்தின் இசாப்பூரில் செய்யப்படும் 'அசானி' பிஸ்டலும் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை.

1962ஆம் ஆண்டின் விதிகளுக்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகள் உறையைக் கட்டாயமாக்கின. அவற்றின் 32ஆம் விதிப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்பவர் அதற்கென அமைந்த உறையில் இட்டு உடலோடு பொருத்தியிருக்க வேண்டும். அல்லது பை போன்ற ஒன்றினுள் வைத்திருக்க வேண்டும். எவ்வாறாயினும் துப்பாக்கி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். பொது இடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதையும் சுடுவதையும் அதே விதி தடை செய்கிறது. உரிம நிபந்தனைகளை மீறினால் உரிமம் இடைநிறுத்தப்படவோ நீக்கப்படவோ கூடும்.

முழுவதும் மூடப்பட வேண்டும் என்ற இந்தச் சொற்கள் உறைத் தேர்வில் நேரடியாகக் குறுக்கிடுகின்றன. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்படும் நெகிழி உறைகள் பலவற்றில் பிடியும் துப்பாக்கியின் பின்பகுதியும் வெளியே தெரியும். அவற்றை அணிவோர் மேலே சட்டையோ மேலங்கியோ போட்டு மறைக்க வேண்டியுள்ளது. இடுப்பு வேட்டியும் உள்ளே செருகாத அரைக்கைச் சட்டையுமாக நடமாடும் கொங்கு நாட்டு உடையில் இது அவ்வளவு கடினமன்று. ஆயினும் வேட்டிக்கு மேல் கட்டும் அகலமான பச்சை இடைவார் நெகிழி உறையின் எடையைத் தாங்குமாறு அமைந்ததன்று. அதன் கீழே தனியாக ஒரு கெட்டியான தோல்வார் தேவைப்படும். மூடி வைத்த பழைய பாணித் தோல் உறை விதியின் சொற்களுக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

தோல் உறை

இந்தியக் காவல்துறையின் தோல் உறைக்குப் பின்னால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் குதிரைப்படை மரபு உள்ளது. 1858இல் போரில் இடக்கையை இழந்த சாம் பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒரு கையாலேயே ஆயுதங்களைக் கையாளுவதற்கென இடுப்புவாரையும் வலத்தோள் மேலாகச் செல்லும் குறுக்குவாரையும் இணைத்து அமைத்துக்கொண்டார். அவர் பெயரிலேயே வழங்கும் அந்தப் பட்டையைத் தமிழ்நாட்டுக் காவல் அதிகாரிகளின் சீருடையில் இன்றும் காணலாம். அத்துடன் இணைந்த உறையில் மேல்மூடி இருக்கும்; பிடியின் அடியில் உள்ள வளையத்திலிருந்து தோளுக்குச் செல்லும் கயிறு துப்பாக்கி தொலையாமல் காக்கும். கோயம்புத்தூரில் 1918இல் கட்டப்பட்ட ஆமில்டன் காவலர் மன்றக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டு 2018 முதல் காவல்துறை அருங்காட்சியகமாக உள்ளது. பழைய படைக்கலங்களைப் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு அது ஏற்ற இடமாகும்.

எல்லாத் தோலும் உறைக்கு உதவாது. மரப்பட்டையிலும் காய்களிலும் உள்ள துவர்ப்புப் பொருளால் பதனிட்ட தோலை நீரில் நனைத்துத் துப்பாக்கியின் மேல் அழுத்தி உலர்த்தினால், அது அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். நல்ல தோல் உறையின் பிடிமானம் இந்த வடிவத்திலிருந்தே வருகிறது. குரோமிய உப்பால் பதனிட்ட தோல் வாரக்கணக்கில் அன்றி மிக விரைவில் ஆயத்தமாகும். மேலுடைக்கும் காலணி மேற்பகுதிக்கும் ஏற்றது. ஆனால் அது மென்மையாகவே இருக்கும், வடிவத்தைப் பிடிக்காது. அதில் எஞ்சியுள்ள உப்புகள் எஃகையும் பித்தளையையும் அரிக்கவும் கூடும். கடையில் 'அசல் தோல்' என்று கூறி விற்கப்படும் மலிவான உறை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. விரலால் அழுத்தினால் குழிந்து துணிபோல் மடங்குமாயின் அதைத் தவிர்ப்பது நலம்.

துவர்ப்பேற்றிய தோல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் உலகச் சந்தையை அடைந்தது. பின்னர்ப் புவிசார் குறியீடும் பெற்றது. திருச்சிராப்பள்ளியும் திண்டுக்கல்லும் இதற்குப் பெயர் பெற்றவை. ஈரோட்டிலும் தோல் பதனிடும் ஆலைகள் உள்ளன. அவற்றின் கழிவுநீர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலைக் கெடுத்ததும் இத்தொழிலின் வரலாற்றில் ஒரு பகுதியே. மின்னேற்றிகள் பரவுவதற்கு முன் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தபோது, சாலின் அடியில் பொருத்திய தும்பி தோலால் ஆனது. அதைத் தைப்பதும் பழுது பார்ப்பதும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த தோல் தொழிலாளரின் கைவேலையாக இருந்தது. நாள்தோறும் நீரில் நனைந்தும் உழைத்த அந்தத் தோலை அறிந்த ஊரில், தோல் ஈரம் தாங்காது என்று பொதுவாகக் கூறுவது பிழையாகும். தோல் ஈரத்தைத் தாங்கும்; அதன் உள்ளே உள்ள எஃகுதான் தாங்காது.

நெகிழி உறை

நெகிழி உறைகள் இருவகை. ஒன்று நைலான் போன்ற நெகிழியை உருக்கி அச்சில் செலுத்தி வார்ப்பது. மற்றொன்று கைடெக்சு என்னும் தகட்டைச் சூடாக்கித் துப்பாக்கியின் வடிவில் அழுத்தி எடுப்பது. கைடெக்சு 1965இல் அமெரிக்காவின் ரோம் அண்டு ஆசு நிறுவனத்தால் வானூர்திகளின் உட்புறப் பலகைகளுக்காக உருவாக்கப்பட்டது. உறைக்குப் பயன்பட்டது பின்னரே. இவ்விரண்டும் நீரை உறிஞ்சா. வியர்வை பட்டால் துடைத்தால் போதும். வாய்ப்பகுதி எப்போதும் திறந்தே நிற்பதால் ஒரு கையால் துப்பாக்கியைத் திரும்பச் செருகலாம். திருகாணிகளை முடுக்கிப் பிடிமானத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும் பலவற்றில் உண்டு.

குறைகளும் உள்ளன. கடினமான பரப்பில் மீண்டும் மீண்டும் உரசுவதால் குழலின் நீலப்பூச்சு தேயும். இடையில் தூசி புகுந்தால் அது அரத்தாள் போல் வேலை செய்யும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் ஈரோட்டிலோ கரூரிலோ வெயிலில் நிறுத்திய மகிழுந்தின் கண்ணாடி அருகே மெல்லிய தகட்டு உறையை விட்டுச் சென்றால் அது தளர்ந்து வடிவம் மாறக்கூடும். வெளியே மாற்றம் தெரியாமலே பிடிமானம் குறைந்திருக்கும் என்பதால் இது கவனிக்கத்தக்கது.

இவற்றைவிடப் பெரிய இடர்ப்பாடு பொருத்தமே. வார்ப்பு உறை ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கு மட்டுமே உரியது. வெளிநாட்டு உறைகள் பெரும்பாலும் 9 மி.மீ. பிஸ்டல்களுக்காகச் செய்யப்படுபவை. 1980களின் நடுப்பகுதி முதல் தனியார் துப்பாக்கி இறக்குமதி பெரிதும் முடக்கப்பட்டதால், கொங்கு நாட்டு உரிமதாரரிடம் இருப்பது கான்பூர்த் துப்பாக்கியாகவோ தந்தை வழி வந்த பழைய வெப்லியாகவோ இருக்கும். ஏறத்தாழப் பொருந்தும் நெகிழி உறை பொருந்தாத உறையே. 'எல்லாத் துப்பாக்கிக்கும்' என்று விற்கப்படும் நைலான் துணி உறையின் நிலையும் இதுவே. அத்தகைய துப்பாக்கிக்கு, அதையே அளவாக வைத்துக் கையால் தைத்த தோல் உறைதான் சரியாக அமைகிறது. துப்பாக்கியைத் தைப்பவரிடம் விட்டுச் செல்லுதல் சட்டத்துக்கு மாறானது. தோட்டா நீக்கி, உரிமதாரர் உடனிருந்தே அளவெடுக்கச் செய்ய வேண்டும்.

விபத்துகள்

பழைய தோல் உறையின் வாய் தளர்ந்து உட்புறம் மடங்கியிருக்கும்போது துப்பாக்கியை அழுத்திச் செருகினால், அந்த மடிப்பு விசைக்காப்பு வளையத்தினுள் நுழைந்து விசையை இழுத்துவிடலாம். சட்டையின் நுனியோ பொத்தான் வாரோ சிக்கினாலும் இதுவே நேரும். தொடையிலும் காலிலும் குண்டு பாயும் விபத்துகளில் இது உலகெங்கும் அறியப்பட்ட காரணமாகும். சுழல் துப்பாக்கியின் விசை நீளமாகவும் கடினமாகவும் இழுக்கப்பட வேண்டியதால் ஆபத்து சற்றுக் குறைவு. மெல்லிய விசையுடைய பிஸ்டலுக்கு வாய் மடங்காத நெகிழி உறை, அல்லது வாயைச் சுற்றிக் கூடுதல் பட்டை தைத்து விறைப்பாக்கிய தோல் உறை தேவை. எவ்வகை உறையாயினும் கண்ணால் பார்த்து மெதுவாகச் செருகுவதே முறை. உறையிலிருந்து விரைவாக எடுப்பதுதான் திறமை என்ற எண்ணத்தைத் திரைப்படங்கள் வளர்த்துள்ளன. விபத்து நிகழ்வதோ பெரும்பாலும் திரும்ப வைக்கும்போதுதான்.

ஒலிம்பிக் முறைப் பிஸ்டல் போட்டிகளில் உறையிலிருந்து எடுத்துச் சுடுவது கிடையாது. ஆகவே போட்டிக்குப் பயிலும் மாணவர்களுக்கு உறை தேவையில்லை. பூட்டிய பெட்டியே போதும்.

தட்பவெப்பமும் பராமரிப்பும்

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றால் கோயம்புத்தூர் கடற்கரை நகரங்களைவிட இதமானது. எனினும் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அக்காற்று ஈரம் சுமந்து வருகிறது. வால்பாறை, சின்னக்கல்லாறு போன்ற மலைப்பகுதிகளில் தோல் பொருள்களில் பூஞ்சணம் படிவது வழக்கம். சமவெளியில் மழையைவிட வியர்வையே பெரிய பகை. அதிலுள்ள உப்பு தோலில் தங்கி எஃகைத் துருவேற்றும். உடலோடு ஒட்டி அணிவோருக்கு இந்த ஒரு காரணத்தால் நெகிழி மேலானது.

நனைந்த தோல் உறையை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் வெடிக்கும். நிழலில் தானே உலர விட வேண்டும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ ஊறத் தடவும் பழக்கம் செருப்புக்குப் பொருந்தலாம். உறையை அது மென்மையாக்கி, பிடிமானத்தைக் கெடுத்து, முன்னர்க் கூறிய வாய்மடிப்புக்கும் வழிவகுக்கும்.

தேர்தல் கால ஒப்படைப்பு

தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும், விலக்குப் பெற்றோர் தவிர்த்த உரிமதாரர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க அறிவுறுத்தப்படுவர். 2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19இல் முடிந்தபோதும், மார்ச் 16இல் தொடங்கிய விதிகள் சூன் 6 வரை நடப்பில் இருந்தன. பன்னிரண்டு வாரங்கள் தோல் உறையினுள்ளேயே கிடக்கும் துப்பாக்கியில், தோல் தொடும் இடங்களில் செம்புள்ளிகள் தோன்றலாம். வார்த் துளைகளில் செருகி வைத்த தோட்டாக்களின் பித்தளை, தோலின் துவர்ப்பு அமிலத்தால் பச்சை பூத்துவிடும். அத்தகைய தோட்டா அறையில் சிக்கக்கூடும். எனவே ஒப்படைக்கும்போது துப்பாக்கியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிட்டு, உறையிலிருந்து நீக்கித் துணியில் சுற்றித் தர வேண்டும். தோட்டாக்களைத் தனி அட்டைப் பெட்டியில் இட வேண்டும். பெற்றுக்கொண்டதற்கான சீட்டில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் குறிக்கப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உறையை ஒப்படைக்க வேண்டியதில்லை. அது வீட்டிலேயே காற்றோட்டமாகத் தொங்கலாம்.