சட்டக் கடமை

சட்டத்துக்கு ஒருவர் கட்டுப்பட்டவர் என்றால் அவரைக் கட்டுவது எது என்பது சட்ட மெய்யியலின் தீராத கேள்வி. தண்டனை அச்சம்தான் என்றார் ஆங்கிலேய அறிஞர் ஜான் ஆஸ்டின் (1832). இறையாண்மை உடையவர் கட்டளையிடுகிறார், மீறினால் தண்டனை வரும், அதுவே கடமை. எச்.எல்.ஏ. ஹார்ட் 1961இல் இதை மறுத்தார்: துப்பாக்கி காட்டுபவனிடம் பணத்தைக் கொடுத்துவிடுவோம், ஆனால் கொடுக்கும் கடமை நமக்கில்லை. அச்சம் கடமையாகாது, ஒரு விதியைப் பொது அளவுகோலாக ஏற்கும்போதே கடமை பிறக்கிறது. அதிகாரம் வழங்கும் விதிகளுக்கு ஆஸ்டினிடம் இடமே இல்லை என்பது ஹார்ட்டின் இன்னொரு குறை. என் பார்வையில் அதுவே வலுவானது.

அதற்குச் சான்று பழனிமலையிலேயே உண்டு. அங்குள்ள கொடைக்கானலில், இரண்டு மாடிக்கு அனுமதி பெற்ற பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் ஏழு மாடியாக உயர்ந்தது. கட்டட விதியிலிருந்து அரசு அதற்கு விலக்கு அளித்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது. அரசாணை செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 1995இல் உச்ச நீதிமன்றமும் ஹோட்டலுக்கு இடம் கொடுக்கவில்லை. விலக்கு தரும் அதிகாரமே சட்டம் தந்ததுதான். தருபவரும் அதன் எல்லைக்குள் நிற்கவேண்டும். இதே விவகாரத்தில், விலக்கு அளிக்கப்பட்டபோது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவுக்கு 2000 பிப்ரவரி 2இல் ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது.

கடமை எது என்ற கேள்வியை இன்னும் நேராகத் தொட்டது, அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை முதலமைச்சராக இருந்தபோது வாங்கியதாக ஜெயலலிதா மீது தொடுக்கப்பட்ட வழக்கு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169ஆம் பிரிவுப்படி, ஒரு சொத்தை வாங்கக்கூடாது எனச் சட்டப்படி கட்டுப்பட்ட பொது ஊழியர் அதை வாங்குவது குற்றமாக இருந்தது. 'சட்டப்படி கட்டுப்பட்டவர்' யார்? செய்யாமல் விடுவது எவருக்குச் சட்டவிரோதமோ அவர் அதைச் செய்யக் கட்டுப்பட்டவர் என்றது 43ஆம் பிரிவு. குற்றமானது, சட்டம் தடுத்தது, உரிமையியல் வழக்குக்கு இடம் தருவது ஆகியன சட்டவிரோதம் என்றும் விளக்கியது. அரசு சொத்தை வாங்கக்கூடாது என்று அமைச்சர்களுக்கான நடத்தை விதி சொல்லியிருந்தது. ஆனால் அது எந்தச் சட்டத்தின் கீழும் பிறந்ததல்ல. ஆகவே அது சட்டக் கடமையை உண்டாக்கவில்லை என்று 2003 நவம்பர் 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஜெயலலிதாவின் விடுதலையை உறுதிசெய்தது.

ஆஸ்டின் அதோடு பேனாவை மூடியிருப்பார். நீதிபதிகள் மூடவில்லை. மனச்சாட்சிக்குப் பதில் சொல்லி, நிலத்தைத் திருப்பித் தந்து பரிகாரம் தேடுமாறு அதே தீர்ப்பில் ஜெயலலிதாவுக்கு எழுதினார்கள். குற்றவியல் தீர்ப்பில் அப்படிச் சொல்ல எந்தப் பிரிவு இடம் தந்தது என்று கேட்பவர்களின் வாதமும் லேசானதல்ல. 43ஆம் பிரிவின் இலக்கணம், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது தொடர்கிறது.